நாவலில் பென்சிலால் எழுதிய பெயர்

காஞ்சிபுரத்தில், ஒரு காதல் நாவலைத் தழுவி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு உத்திரமேரூர் பஸ்ஸில் திரும்பினோம். படத்தில் நாயகி வெறுமனே வந்துபோகிறாள், நாவலில் அவள் மழையாகவே பெய்வாள் என்று வழியெல்லாம் மனைவியிடம் புலம்பினேன்.

"அப்பிடி இன்னா கீது அதுல?" என்று மறுநாள் கல்லூரிக்காலத்தில் நான் வாங்கிய அந்த நாவலை எடுத்துப் படித்தாள். பக்கத்துக்குப் பக்கம் நாயகியின் பெயரைப் பென்சிலால் அடித்து 'சுகந்தி' என்று நான் எழுதிவைத்தது எனக்கே மறந்திருந்தது.

"சினிமால இந்தப் பேரு இல்ல. அதான் உனக்குப் புடிக்கல" என்றாள். பிறகு மெதுவாக, "எங்கம்மா பேர வெக்கலாம்னு கெஞ்சினேன். நம்ம பொண்ணுக்கு இந்தப் பேருதான்னு புடிவாதம் புடிச்சியே."

இப்போது நான் எந்தப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. அவளும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏம்மா என்று மகள் கேட்டால், "உங்கப்பன கேளு" என்கிறாள்.