பாட்டைக் கெடுத்தது எந்தப் பெட்டி

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தின் அடியில் நின்றுகொண்டே, மேலே எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போதவில்லை என்று காதாலேயே சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் எங்கள் குடும்பத்துக்கு வினையாக வந்து சேர்ந்தது.

அவர் வீட்டு ஹாலில் இரண்டு ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர். மிச்ச இடமெல்லாம் அக்காவின் தையல் மெஷினும் துணி மூட்டைகளும். ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஒருநாள் அத்தான் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"உன் மெஷின் அதிர்றது ரெக்கார்டுக்குள்ள போகுது. ஒண்ணு பாட்டு இருக்கணும், இல்ல மெஷின் இருக்கணும்."

"அப்ப பாட்டே இருக்கட்டும்" என்ற அக்கா, மெஷின், மூட்டை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

மறுநாளே பாட்டு கெட்டுப்போனது. பாடுகிறவர் கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல் இருக்கிறதாம். அத்தான் ஒயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். ஸ்பீக்கருக்கு அடியில் கருங்கல் வைத்தார். யாரோ சொன்னார்கள் என்று சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார். சமாதானம் பேசத்தான் என்று நம்பி ஓடினேன். மனுஷர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், ஒயரை மாத்தி மாத்திப் போடு. எது புதுசு, எது பழசுன்னு நான் சொல்றேன்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எதையும் தொடாமல் சும்மா நின்று, "மாத்தியாச்சு" என்றேன்.

"ஆஹா! குரல் ஒரு அடி முன்னால வந்துடுச்சு!"

மறுபடியும் சும்மாவே நின்றேன். "மாத்தியாச்சு."

"சேச்சே, இது பழைய குப்பை."

உண்மையைப் போட்டு உடைத்தேன். "அப்ப கோளாறு ஒயர்ல இல்ல" என்று அத்தான் துண்டை அவிழ்த்தார். பிறகு எழுந்து ஹால் நடுவே ஒருமுறை கை தட்டினார். காலி ஹால் திருப்பித் தட்டியது.

"மூட்டை!" என்று அலறினார். "துணி மூட்டைதான் மச்சான் இத்தனை நாளா எதிரொலியை முழுங்கிக்கிட்டு இருந்திருக்கு!"

அடுத்த வண்டி பிடித்து இருவரும் என் வீட்டுக்கு வந்தோம். அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அத்தான் வாசற்படியில் நின்றபடியே, "அந்த மூட்டைங்களை மட்டும் கொடுத்தா போதும்" என்றார்.

"மனுஷனா நீங்க?" என்று நான் எகிறினேன். பெண்டாட்டியை விட்டுவிட்டுத் துணி மூட்டையைக் கூட்டிப்போக வந்த ஆளை என்னவென்று திட்டுவது?

"இல்ல மச்சான், வீடு ரொம்ப எதிரொலிக்குது" என்றார். "வேலை முடிஞ்சு வந்ததும் பழக்கதோஷத்துல 'டீ போடட்டுமா'ன்னு கேட்டேன். சுவரு 'போடட்டுமா'ன்னு என்னையே கேட்டுச்சு. ரெண்டு கப் போட்டுட்டேன்."

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"ரெண்டாவது கப்பை யாரு குடிச்சா?"

"யாரும் குடிக்கல. அப்படியே ஆறிப்போச்சு."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

"மெஷினை நீங்க தூக்குங்க" என்றாள். "மூட்டையைத் தம்பி எடுத்துட்டு வருவான்."