குளித்துவிட்டுத் தூக்குங்கள்

திண்டிவனத்தில், பயிருக்குத் தெளிக்கும் நானோ யூரியா உரத்தின் பாதுகாப்பு பற்றிய கலந்துரையாடலுக்கு, ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரியின் பழக்கதோஷத்தில் போயிருந்தேன். முகையூர்ப் பெண் ஒருவர் எழுந்தார்.

"எங்க வூட்டுக்காரரு அத்த அடிச்சிட்டு வந்ததும் பாப்பாவத்தான் தூக்குறாரு. சட்டையில ஒட்டிக்கினு வர்றது கொழந்தைக்கு ஆவுமா சார்?"

"கேள்விய மேல அனுப்புறோம்மா" என்றார் மேடையிலிருந்த வேளாண் அதிகாரி.

"மேலே போனது திரும்பாது. அங்கே உட்கார்ந்து வாங்கிக் கிடப்பில் போட்டவனே நான்தான்" என்றேன். கூட்டம் சிரித்தது.

அந்த அதிகாரி மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, அந்தப் பெண்ணின் அருகில் உட்கார்ந்தார். "எங்களுக்கே முழுசா தெரியலம்மா. மூக்கு, வாய மூடிக்கினு அடிக்கட்டும். குளிச்சி, சட்டைய மாத்திட்டு அப்புறம் தூக்கட்டும்."

அந்தப் பெண் உடனே ஸ்பீக்கரில் கணவருக்கு போன் போட்டார். "ஏங்க, மொதல்ல குளிங்க. பாப்பா அழுதா அழுவட்டும்."

குழந்தையின் அழுகையும் வாளித் தண்ணீரின் சத்தமும் போனில் கேட்டன. அழுகை நிற்கும்வரை யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.