மாப்பிள்ளை இலையில் முயல் கறி

போன ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் ஒரு மறுவீட்டு விருந்து. என் நண்பர் ஏழுமலையின் மகள் கவிதாவுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சென்னையில் ஐ.டி. கம்பெனி. அவருக்குப் பேச்சுத் துணையாகப் பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார்கள்.

மெனு? முயல் வறுவல், முயல் குழம்பு.

ஏழுமலை கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு முயல் பண்ணை வைத்தார். ‘போயும் போயும் முயல் வளர்க்கிறவர் வீட்டிலா பெண் எடுத்தீர்கள்?’ என்று மாப்பிள்ளையின் சொந்தத்தில் யாரோ கேட்டது அவர் காதுக்கும் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில்தான் ஆட்டுக்கறியே வேண்டாம் என்றார். மாப்பிள்ளை சாப்பிட்டு ‘நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்… தொழிலுக்கு மரியாதை வந்துவிடும் என்று நினைத்தார்.

மாப்பிள்ளை கை வைக்கவே இல்லை.

இந்த வீட்டு விருந்தில் மாப்பிள்ளை முதல் வாய் சாப்பிடாமல் வேறு யாரும் இலையில் கை வைக்க மாட்டார்கள். மரியாதைதான். ஆனால் அவர் இடத்தில் இருந்து பாருங்கள் – பழக்கமில்லாத கறி. சுற்றிலும் சொந்தபந்தம். ஒருவரும் அதைத் தொடவில்லை, எல்லோரும் உங்கள் வாயையே பார்க்கிறார்கள். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மடியில் இருந்த போனில் ‘முயல் கறி சாப்பிடலாமா’ என்று தேடிக்கொண்டிருந்தார்.

நான் மெல்லச் சொன்னேன். காட்டு முயலைப் பிடிப்பதுதான் சட்டப்படி குற்றம், அதில் நோய் பயமும் உண்டு. பண்ணையில் ஆரோக்கியமாக வளர்த்ததை நன்றாக வேகவைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். தலையாட்டினார். கை மட்டும் நகரவில்லை.

பிறகு ஏழுமலையைப் பார்த்துக் கேட்டார். “மாமா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இதச் சாப்பிடுவீங்களா?”

“இல்லப்பா. நான் சாப்பிட்டதே இல்ல.”

கவிதா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கே தர்மசங்கடம். இப்படியா போட்டு உடைப்பார் மனிதர்?

“பயந்துக்கினு இல்ல மாப்ள,” என்றார் ஏழுமலை. “வூட்ல எல்லாரும் சாப்புடுவாங்க. எனக்குத்தான் முடியல. காலைல தழை எடுத்துக்கினு போனா, தழைய வுட்டுட்டு மொதல்ல என் கையத்தான் மோந்து பாக்குது. ஒண்ணு சோந்து படுத்துக்கினா எனக்குச் சோறு எறங்காது. விக்கிறேன், தொழிலு. ஆனா வாயில வைக்க வரலப்பா.”

சபையில் இதைச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்ற வெட்கத்தில் தண்ணீர் சொம்பை எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

மாப்பிள்ளை போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஒரு துண்டை எடுத்து மென்றார். அப்புறம் இன்னொன்று.

“மாமா, கொஞ்சம் குழம்பு ஊத்துங்க.”

அதன் பிறகுதான் பந்தியில் எல்லோருக்கும் மூச்சே வந்தது.

எதை வாங்கினாலும் லேபிளைப் பார்க்கிறோம், தேதியைப் பார்க்கிறோம், போனைக் கேட்கிறோம். எப்படி வளர்த்தார்கள் என்று வளர்த்தவரிடம் கேட்கிறோமா? அவர் சாப்பிடாமல் இருந்ததைவிட அந்தக் கறிக்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

கடைசிப் பந்தியில் ஏழுமலை உட்கார்ந்தார். அவருக்கு ரசம் சாதம்தான். பரிமாறியது மாப்பிள்ளை.