தொப்பிக் கோடும் புது லப்டொப்பும்

முதல் நாள்

மன்னார் ரவுனில் ஒரு ஸ்ரூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி நானா தந்த முதல் வேலை ஒரு மாப்பிள்ளையின் நெற்றியைச் சுத்தம் செய்வது. கொம்பியூட்டரில்தான்.

மாப்பிள்ளை கடல் தொழில் செய்கிறவர். தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு நெற்றியில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே வெளிர் நிறம், கீழே கறுத்த நிறம். கோட் சூட் போட்டு மணவறையில் நிற்கும்போது அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

"இஞ்ச பாரு தங்கச்சி, மாப்புளைக்கு ஒரு நெத்திதான் இரிக்கணும். ரெண்டு நெத்தி இரிக்கப்படாது," என்றார் நானா.

அந்த ஒரு கோட்டை எடுக்க எனக்கு அரை நாள் பிடித்தது. அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தேன். போகப் போகக் கை பழகி, ஒரு பொத்தானை அமத்தினால் கோடும் மறைந்து முகமும் வெளுக்கும்படி போட்டோஷொப்பில் ஒரு அக்‌ஷன் செய்து வைத்தேன். அதற்கு 'நெத்தி' என்று பெயர் வைத்தேன். இந்தக் கரையில் நடந்த எத்தனையோ கல்யாணங்களின் அல்பங்களில் கறுத்த ஆம்பிளை ஒருவரையும் நீங்கள் காணமாட்டீர்கள். அது என் கைங்கரியம். சனங்களுக்கும் சந்தோஷம்தான். சிலநேரம் அல்பம் அளவுக்கு மீறி வெளுத்து வரும். அப்போதெல்லாம் கொழும்பில் பிரிண்ட் அடிக்கிற லாப்காரனைத் திட்டித் தீர்ப்பேன்.

கடைக்காரத் தம்பி

நானா ஸ்ரூடியோவை மூடிவிட்டுப் புத்தளத்தில் இருக்கும் மகளிடம் போனார். போகும்போது பழைய படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் தந்தார். நான் வீட்டிலேயே அல்பம் வேலை செய்யத் தொடங்கினேன். போன வருடம் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டு அல்பத்தின் நடுவில் பழைய கொம்பியூட்டர் கையை விரித்துவிட்டது. இனி வாங்கினால் நல்லதாக ஒன்று வாங்குவது, சாகும்வரைக்கும் அதுதான் என்று முடிவெடுத்துக் கொழும்புக்கு பஸ் ஏறினேன். நான் செய்த அல்பப் படங்களை ஒரு பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு போனேன். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சும்மா போவார்களா?

கடையில் நின்ற தம்பி ஒரு லப்டொப்பைக் காட்டினார். முப்பத்திரண்டு ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்ட், ஒரு டெராபைட் எஸ்எஸ்டி. "மேடம் கேம் விளையாடுவீங்களா?" என்று கேட்டார்.

"தம்பி, நான் கல்யாண அல்பம் செய்யிறனான்."

"அப்படின்னா இதுதான் சரி மேடம். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும்."

பென்ட்ரைவைப் போட்டார். என் அல்பம் திறந்தது. மணவறையில் நின்ற எல்லோரும் கோதுமை மாவுக்குள் விழுந்து எழும்பினவர்கள்போல இருந்தார்கள்.

"உந்த ஸ்கிரீன் பிழை," என்றேன்.

தம்பி கொஞ்சம் தயங்கினார். "ஸ்கிரீன்ல பிழை இல்ல மேடம். படம்தான் அப்படி இருக்கு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இருந்தாலும் அதன் வேகத்தைப் பார்த்து மயங்கி, அதையே வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் மினக்கெட்டு அந்த ஸ்கிரீனின் வெளிச்சத்தைக் குறைத்து, மஞ்சளைக் கூட்டி, என் பழைய மொனிட்டர் மாதிரியே ஆக்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையே கோணலாக்கிவிட்டுத்தான் ஆடத் தொடங்கினேன்.

உப்புக் காற்றுப் படாமல் லப்டொப்புக்கு ஒரு உறை தைத்தேன். வீட்டுக்கு வருகிற ஒருவரையும் ஸ்கிரீனில் விரல் வைக்க விடுவதில்லை.

பிலோமினா

வங்காலையிலிருந்து பிலோமினா வந்தாள். ஏழு வருடத்துக்கு முன் அவளுடைய புருஷன் அன்ரனின் தங்கச்சிக் கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தது. அன்ரன் நெஞ்சு நோகிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். நாற்பது வயதும் ஆகவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பெரிதாக ஒரு படம் பிரேம் போட வேண்டும் என்று தன் போனைத் தந்தாள்.

போனில் இருந்த ஒன்றை எடுத்துப் பெரிதாக்கினேன். கை தன்பாட்டில் 'நெத்தி'யை அமத்தியது. ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினேன்.

"இது அவர் இல்லை அக்கா," என்றாள்.

அக்‌ஷனை எடுத்துவிட்டுப் போனில் இருந்தபடியே காட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

"இந்தப் போன் தானாவே முகத்தை வெள்ளையாக்குது அக்கா. எல்லாப் படமும் இப்பிடித்தான். அவரின்ர அடையாள அட்டைப் படம் உங்கட ஸ்ரூடியோவில எடுத்தது, அதிலயும் இல்லை. மச்சாளின்ர கல்யாண அல்பத்திலயும் இல்லை."

"என்ன இல்லை பிள்ளை?"

அவள் தன் நெற்றியில் குறுக்காக விரலை இழுத்துக் காட்டினாள்.

"இந்தக் கோடு. எங்கட ஜெனிக்கு நாலு வயசு. அவர் தொழிலால வந்து தொப்பியைக் கழட்டினால் ஓடிப்போய் மடியில ஏறி, இந்தக் கோட்டிலதான் விரல் வைச்சு விளையாடுவாள். இப்ப படத்தைக் காட்டினால் இது அப்பா இல்லை எண்டு முகத்தைத் திருப்பிறாள். இனி அவள் பாக்கப்போறது படத்தை மட்டும்தானே அக்கா. அதிலயும் அவர் இல்லையெண்டால் மறந்துபோயிடுவாள்."

போன் படங்களைக் கெடுத்தது போனின் வேலை. மற்றதெல்லாம் நான் செய்தது. அந்த மனுஷனின் நெற்றியை ஏழு வருடத்துக்கு முன்பே நான் அழித்துவிட்டேன்.

பிஸ்கட் டின்

டின்னை இறக்கி அந்தக் கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். கமராவிலிருந்து வந்தபடியே, ஒருவரும் கை வைக்காத ரோ பைல்கள் அதில் இருந்தன. ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். பழைய கொம்பியூட்டரில் ஒரு ரோ பைல் திறப்பதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். அதனாலேயே அவற்றை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. புது லப்டொப் புத்தகம் புரட்டுவதுபோல அவற்றைப் புரட்டியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தோம். குரூப் படங்களில் அன்ரன் தலைமயிரை நெற்றியில் இழுத்து வாரியிருந்தான். பூசையில் பின்வரிசையில் நின்றான். சாப்பாட்டுப் பந்தியில் முதுகு மட்டும் தெரிந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. வங்காலைக்குப் போகிற பஸ்ஸை விட்டால் பிறகு கஷ்டம். பிலோமினா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆயிரத்து நானூறு தாண்டியிருக்கும். மண்டபத்துக்கு வெளியே கல்யாணப் பொம்பிளையின் காரைத்தான் எடுத்திருந்தார்கள். பின்னால், ஓரத்தில், கதிரைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு அன்ரன். காற்றுக்குத் தலைமயிர் எழும்பி நெற்றி வெளியே தெரிந்தது. யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

பெரிதாக்கினேன். கோட்டைக் காணவில்லை. நெற்றி முழுவதும் ஒரே மஞ்சள்.

பிறகுதான் உறைத்தது. ஸ்கிரீனின் செட்டிங்குக்குப் போய், மூன்று நாள் மினக்கெட்டு நான் செய்ததையெல்லாம் ஒரே அமத்தில் அழித்து, கடையில் இருந்த நிறத்துக்கே திருப்பினேன். மஞ்சள் விலகியது. அன்ரனின் முகம் வெயிலில் கறுத்த நிறத்தோடு வந்தது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, கோடு. கடைக்காரத் தம்பியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பிலோமினா கையை நீட்டி அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். நான் தடுக்கவில்லை.

"என்னைத்தான் பாக்கிறார் அக்கா. சாப்பிட்டியோ எண்டு கேட்டவர். நான் இன்னும் இல்லை எண்டனான்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். நானும் அழுதேன். பஸ் போய்விட்டது. அவளை ஒரு ஓட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

முப்பத்தோராம் நாள்

அந்தப் படத்தில் புள்ளி புள்ளியாய் இருந்ததை மட்டும் குறைத்தேன். கதிரைகளைக்கூட வெட்டவில்லை. லாப்காரனுக்கு போன் எடுத்து, "தம்பி, நீங்கள் ஒண்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்," என்று கேட்டுக்கொண்டேன். "நாங்க எப்பவும் நீங்க அனுப்புறதத்தானே அடிக்கிறோம் அக்கா," என்றான்.

பூசைக்கு நானும் வங்காலைக்குப் போனேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மேசையில் வைத்திருந்த படத்தின் முன்னால் ஜெனியைக் கொண்டுபோய் விட்டார்கள். பிள்ளை கொஞ்சநேரம் பார்த்தது. பிறகு நுனிக்காலில் எம்பி, பிரேமின் கண்ணாடிக்கு மேலால் கோட்டில் விரலை இழுத்தது.

"அப்பா தொப்பியைக் கழட்டிட்டார்," என்றது.

வீட்டுக்கு வந்த உடனே 'நெத்தி' அக்‌ஷனை அழித்தேன்.

இந்த வேலைக்கு வருகிற இளம் பிள்ளைகள் என்ன லப்டொப் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. ரேம், கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் கையில் இருக்கிற காசைப் பார்த்து எடுங்கள். கடைக்குப் போகும்போது மட்டும் உங்கள் வீட்டு ஆள் ஒருவரின் திருத்தாத படத்தைக் கொண்டுபோங்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த முகம் எந்த ஸ்கிரீனில் தெரிகிறதோ அதை வாங்குங்கள். வாங்கின பிறகு அதன் நிறத்தில் கை வைக்காதீர்கள்.

கோட்டை எடுத்துத் தரச் சொல்லி மாப்பிள்ளைமார் இன்னும் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றமா? எடுத்துக் கொடுக்கிறேன், கையாலேயே. ஆனால் கோட்டோடு இருக்கிற படம் ஒன்றையும் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்து, பொம்பிளையின் கையில் கொடுக்கிறேன். "இது என்னத்துக்கு அக்கா?" என்று கேட்பார்கள். "சும்மா வையுங்கோ பிள்ளை," என்று சொல்லுவேன்.