கை தட்டாத கணினி

மாட்டுங்காவில் நான் பயின்ற கணினி வகுப்பில் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் டை. பிழை தேடும்போது திரையில் நகரும் கர்சரை ஒரு ஆளாகவே பாவிப்பார். அன்று மாலைக்குள் என் புரோகிராம் ஓடினால்தான் எனக்குச் சான்றிதழ். அதுவோ ஓட மறுத்தது.

அவர் அம்புக்குறிப் பட்டனை அழுத்தினார். "இந்த வரியில தாவறான்... அடுத்த வரியில நடக்கறான் பாரு! வரி ஆரம்பத்துல இடம் விட மேலே டேப், கீழே ஸ்பேஸ். கலந்து அடிச்சா மெஷின் ஏத்துக்காதுப்பா."

"கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு வெற்றிடங்களுக்குள் ஏற்றத்தாழ்வு கற்பிப்பது எந்த நியாயம்?" என்று மேடையில் பேசுவதுபோல் முழங்கினேன்.

"என்கிட்ட ஏன் கத்தறே? மெஷின்கிட்ட சொல்லு."

எழுந்து நின்று கணினியிடமே முழங்கிவிட்டு, புரோகிராமை மீண்டும் ஓட்டினேன். அதே பிழைச்செய்தி வந்தது. அவர் பலமாகக் கைதட்டினார்.

கீழ்வரியின் ஸ்பேஸை அழித்து டேப்பைத் தட்டிச் சான்றிதழ் பெற்றுவிட்டேன். அந்தக் கைதட்டல் எனக்கா, கணினிக்கா என்பதுதான் இன்றும் விளங்கவில்லை.