அடையாற்றில் வாசித்த அத்தியாயம்

அமெரிக்க நாவலாசிரியர் ஒருவரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் கப்பலேறி அமெரிக்காவுக்கு அல்லவா போகவேண்டும்? நான் திருச்சியில் ரயிலேறி அடையாற்றுக்குப் போனேன்.

1936 டிசம்பர், வெள்ளிக்கிழமை காலை. எழும்பூரில் இறங்கியபோது ஏழு மணி. இரவெல்லாம் பெய்த மழையில் நிலையத்து வாசல் சேறாகக் கிடந்தது. மயிலாப்பூர் மூன்று மைலுக்குச் சற்று மேல். எட்டணாவுக்கு ஒரு ஜட்கா பேசி ஏறிக்கொண்டேன். ராயப்பேட்டையில் கடைகள் அப்போதுதான் பலகை எடுத்துக்கொண்டிருந்தன. வண்டிக்காரர் பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறவர்.

"இன்னா சார், கோர்ட்டு விசயமா வந்துகீறியா?"

"இல்லை. கதை எழுதுகிறவர் ஒருவரைப் பற்றி விசாரிக்க வந்தேன்."

"ஆளு மைலாப்பூர்லயா கீறாரு?"

"அவர் அமெரிக்காக்காரர். போன வருஷம் காலமாகிவிட்டார்."

அவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "செத்தவர இங்க வந்து யாரான்ட சார் விசாரிக்கப் போறே?"

அதற்கு முதல் நாள் வரை எனக்கும் விடை தெரியாது. கல்லூரியில் என்னுடன் படித்த சேஷாத்ரி இப்போது மயிலாப்பூரில் வக்கீல். நாவலாசிரியரின் மனைவியாக இருந்து விலகியவள் அடையாற்றில் ஒரு சிறு வீட்டில் குடியிருக்கிறாள் என்று அவன் தந்தி கொடுத்திருந்தான். வீட்டு வாடகைப் பத்திரத்தை எழுதியவர் அவனுடைய சீனியர்.

கோயில் குளத்துக்கு வடக்கே இருந்த அவன் வீட்டு வாசலில் வண்டி நின்றதுமே சேஷாத்ரி வெளியே வந்தான். "வாடா ராமநாதா. முதல்ல ஸ்நானம் பண்ணு. ஆத்துல இட்லி ரெடி. சாப்டுண்டே பேசலாம்."

நாவலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரே குடும்பத்தின் கதை. ஆசிரியர் வெளியே நின்று கதை சொல்வதில்லை. ஒவ்வொருவர் மனத்திலும் ஓடுவது அப்படியே பக்கத்தில் ஓடுகிறது, பாதி வாக்கியமாகவும் சில இடங்களில் நிறுத்தற்குறி இல்லாமலும். ஏழாம் அத்தியாயத்தில் நான்கு வயதுக் குழந்தை தொண்டை அடைப்பு நோயில் சாகிறது. வெளியே பனி. பல இரவுகள் கண்விழித்த தாய் நாற்காலியிலேயே தூங்கிப்போகிறாள். தகப்பன் கதவைத் திறந்துகொண்டு வந்து, குழந்தையின் கையைப் பிடித்தபடி விடியும் வரை உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பதினாறு பக்கங்களுக்காகவே நான் அவரை ஆராய்ச்சிக்கு எடுத்தேன். உண்மையில் அப்படி உட்கார்ந்தவனால்தான் இப்படி எழுத முடியும் என்பது என் ஆய்வேட்டின் அஸ்திவாரம். ஆனால் அவர் வாழ்க்கையைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு பத்திக்கு மேல் கிடைக்கவில்லை. வாழ்க்கை பற்றிய அத்தியாயம் இல்லாவிட்டால் ஆய்வேட்டை அனுப்பப்போவதில்லை என்று என் பேராசிரியர் சொல்லியிருந்தார். பட்டம் இல்லாவிட்டால் கல்லூரியில் என் தற்காலிக வேலையும் ஜூன் மாதத்தோடு சரி.

பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். பாலத்தின் மேல் வண்டி போகும்போது ஆறு செம்மண் நிறத்தில் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தென்கரையில் இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே அரை மைல் நடந்தேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மீனவர் குப்பத்துக்கு முன்னால், ஓடு வேய்ந்த சின்ன வீடு. கதவைத் திறந்தவள் கழுத்தில் சிலுவை போட்ட நடுவயதுப் பெண். பெயர் ரோசம்மா, குப்பத்திலிருந்து வந்து சமையல் செய்கிறவள்.

"யாரு நைனா நீ? அம்மா யாரையும் பாக்க மாட்டாங்க."

உள்ளேயிருந்து, "வரச் சொல்லு ரோசம்மா," என்று தமிழிலேயே குரல் வந்தது.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் பருத்தி உடுப்பு, நரைத்த குட்டை முடி. அதன் பிறகு நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். நினைவில் நிற்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பதினேழு வருஷமாக அவரைப் பார்க்கவில்லை. அவருடைய புத்தகங்களையும் நான் படித்ததில்லை."

நான் ஏழாம் அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னேன். குழந்தை என்ற சொல் வந்ததும் அவள் முகம் மாறியது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் விடைபெற எழுந்தேன்.

"புத்தகம் வைத்திருக்கிறீர்களா?"

"இருக்கிறது."

"வாசியுங்கள். முழுவதும்." திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாசித்தேன். வகுப்பில் எத்தனையோ முறை வாசித்த பக்கங்கள். அன்று நின்று நின்றுதான் வாசிக்க முடிந்தது. எதிரே இருப்பவள் அந்தக் குழந்தையின் தாய். மூச்சு இழுக்கிற இடத்தில் அவள் கண்களை மூடிக்கொண்டாள். நடுவில் ரோசம்மா காப்பி கொண்டுவந்தாள். கதை புரியாவிட்டாலும் எஜமானியின் முகம் அவளுக்குப் புரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு என் மேல் பாய்ந்தாள்.

"இன்னாத்துக்கு அவங்கள அழ வுடறே? போதும் நைனா, மூடு அத்த."

"இருக்கட்டும் ரோசம்மா," என்றாள் அந்த அம்மாள். ரோசம்மா வெளியே போகவில்லை. தரையில் அவள் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தேன்.

அந்த அம்மாள் கண்களைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நான் தூங்கவில்லை," என்றாள்.

நான் புத்தகத்தை மூடினேன்.

"என் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தவள் நான். அவர் உள்ளே வரவேயில்லை. வெளியே, பனியில், வீட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவு வரைக்கும் வரும், திரும்பிப் போகும். நான் கூப்பிட்டேன். விடிந்த பிறகுதான் வந்தார்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அப்படியானால் இது பொய். உங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு தன்னை உட்கார வைத்துவிட்டார்!"

அவள் தலையை அசைத்தாள். "நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பாருங்கள், என்னைத் தூங்க வைத்திருக்கிறார். அந்த ராத்திரி நான் தூங்கியிருக்கக் கூடாதா, அதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை அப்படிச் சொன்னதில்லை." புத்தகத்தைக் காட்டி, "அவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறாரே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள்," என்றாள்.

வாசித்தேன். தகப்பன் கதவைத் திறக்கும் வரியில் அவள் வாய்விட்டு அழுதாள். ரோசம்மா எழுந்து அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, "அழுதுடும்மா, அழுதுடு," என்றாள். என்னைப் போகச் சொல்லவில்லை. நான் வெளியே வந்து தென்னைமரத்தடியில் நின்றேன்.

புறப்படும்போது, இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கள். அவர் பெயரைப் போடாமல் எழுதுங்கள். அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் அவர் அங்கே இருந்தார் என்றே நம்பட்டும்," என்றாள். இந்தக் கட்டுரையில் நாவலின் பெயரும் ஆசிரியர் பெயரும் இல்லாததற்குக் காரணம் அதுதான். புத்தகத்தை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். சென்னை மாகாணத்தில் வேறொரு பிரதி இருந்ததாக எனக்குத் தெரியாது.

இரவு சாப்பிடும்போது சேஷாத்ரியிடம் சொன்னேன். அவன் வக்கீல் அல்லவா? "அடேய், இது லேசுப்பட்ட சாட்சி இல்லை! பேரைப் போட்டு எழுதினா லண்டன்லேருந்து உன்னைக் கூப்பிடுவான். என்ன யோசிச்சுண்டு இருக்கே?"

"அந்த அம்மா வேண்டாங்கறாங்கடா."

"கையெழுத்துப் போட்டா கொடுத்தே?" என்று கேட்டவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மோர் ஊற்றச் சொன்னான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு தியாகராய நகரில் பேராசிரியரைப் பார்த்தேன். புது வீடு; சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. வாழ்க்கை அத்தியாயம் எழுதப்போவதில்லை என்றும், அனுபவத்தைப் பற்றி நான் எழுதிய முதற்பகுதியை அடியோடு நீக்கிவிட்டேன் என்றும் சொன்னேன். காரணம் கேட்டார். சொல்ல முடியாது என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"மிஸ்டர் ராமநாதன், அஸ்திவாரத்தையே எடுத்துட்டா எது மேல கட்டுவீங்க?"

"கதையில் இருப்பதைக் கொண்டு மட்டும் எழுதிப் பார்க்கிறேன், சார்."

அவர் அனுமதிக்கவில்லை. ஜூன் மாதத்தில் என் வேலை போயிற்று. இரண்டு வருஷம் டியூஷன் சொல்லிக்கொடுத்தபடி, கடல் கடந்து இன்னொரு பிரதி வரவழைத்து, வேறு ஒருவர் மேற்பார்வையில் மறுபடி எழுதினேன், பட்டம் கிடைத்தது. ஆனால் அதெல்லாம் பிற்பாடு நடந்த கதை. அன்று இரவு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் வந்து திருச்சி வண்டியைப் பிடித்தபோது என் கையில் ஆய்வேடும் இல்லை, புத்தகமும் இல்லை.

செங்கல்பட்டு ஏரி தாண்டும் வரை தூங்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழந்தை கண்ணை மூடினால், சொல்லியனுப்ப வேண்டியதில்லை. அண்டை அயல் முழுவதும் கூடிவிடும். அந்தக் கூட்டத்தையும் ஒப்பாரியையும் படித்த கர்வத்தில் பல தடவை வெறுத்திருக்கிறேன். சாவு வீட்டில் கொஞ்சம் அமைதி இருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறேன். அமைதி எப்படி இருக்கும் என்பதை அடையாற்றில்தான் தெரிந்துகொண்டேன். ஒருத்தி உள்ளே, ஒருவன் வெளியே, நடுவே ஒரு கதவு. அவ்வளவுதான். அதைத் தாண்ட அவருக்கு ஒரு நாவல் எழுதவேண்டியிருந்தது.