மேலேறிய சுண்டுவிரல்

சூசைராஜ் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் காலி டிபன் பாக்ஸோடு லோக்கல் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைகளாக வந்து விழுந்துகொண்டிருந்தன. மேலே தள்ளிப் பார்த்தால் அவர் படம். காலையில் பல் துலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாம் இன்னும் பேசி முடிக்கவில்லையே, அதற்குள் போய்விட்டாயே என்ற கோபம். ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதி வாசிக்கும்படி பங்குத்தந்தை சொன்னார். கோயிலில் வாசகம் வாசிப்பவன் என்பதால் என்னிடம் சொல்லியிருப்பார். ஊருக்குப் புதியவர், பாவம். நானும் சூசையண்ணனும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதுதான் யாருக்கும் தெரியாது. எனக்கே ஒரு மாதத்துக்கு முன்னால்தான் முழுதாகத் தெரிந்தது. நாலு வரியில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலை பார்த்தது ஃபைபர் கம்பெனியில். கெமிக்கல் தொழிற்சாலைகளுக்கு ஆசிட் தொட்டி செய்து கொடுக்கும் இடம். நான் பக்கத்துத் தெருவில் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறேன். பகலெல்லாம் தொட்டிக்கு அச்சு எடுத்த கையால் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அதே ஃபைபரில் சாமி சிலை, சுரூபம் செய்வார். கடையில் வாங்கும் பாலன் இயேசுவைக் கண்டால் அவருக்கு ஆகாது. "இன்னா லூர்து இது, பொறந்த அன்னிக்கே பல்லைக் காட்டிக்கினு கீது. நகம் இல்ல, தொப்புள் இல்ல. தொப்புள் இல்லாத கொயந்தைய எந்தத் தாய் பெத்தா?" என்பார். கிறிஸ்துமஸ் பூசையில் விசுவாச அறிக்கை சொல்லும்போது, கடவுள் மனிதரானார் என்று வருமிடத்தில் எல்லோரும் முழங்காலில் நிற்கிறோம் இல்லையா, அந்த இடத்தில் அவர் மட்டும் மற்றவர்கள் எழுந்த பிறகும் கொஞ்சம் நேரம் அப்படியே இருப்பார். முட்டி வலி என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

ரயிலில் அவரோடு போவது ஒரு பேஜாரு. எதிர் சீட்டில் யாராவது கைக்குழந்தையோடு உட்கார்ந்துவிட்டால் போதும், மனுஷன் குழந்தையின் காலையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். ஒரு முறை பொன்னேரியில் ஏறிய ஒரு பெண் பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு, "இன்னாயா பாக்குற, புள்ளை புடிக்கிறவனா நீ?" என்று சத்தம் போட்டுவிட்டாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது. "இல்லமா, அவரு சாமி செய்யறவரு" என்று நான்தான் சமாளித்தேன். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. இறங்கும்போது, "கட்டை வெரல மட்டும் தனியா மடக்குது பாத்தியா?" என்றார். அப்போது நாங்கள் அப்படி இருந்தோம்.

பிறகு எங்களுக்கு மகன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். பிறந்ததிலிருந்தே மூச்சு சரியில்லை. ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்து அந்தோணி என்று பெயர் வைத்தார்கள். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எங்கள் அப்பாவுக்கு அப்படி, எனக்கும் அப்படி. பச்சைக் குழந்தையைப் போட்டோ எடுத்தால் ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள், நாங்களும் எடுக்கவில்லை. கையில் ஆளுக்கொரு போன் இருந்தது. ஒரு படம் எடுக்கவில்லை. அவனை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் துணி, தொட்டில், கிலுகிலுப்பை எல்லாவற்றையும் நான் யார் யாருக்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வீட்டில் அவன் பெயரை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கோயிலில் பழைய பாலன் சுரூபம் கழுத்து உடைந்துபோய்விட்டதால் சூசையண்ணன் புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காக நம் கோயிலில் கிறிஸ்துமஸ் காலையில் தனியாக ஒரு பூசை உண்டு. யூனிபார்மோடு வந்தேன். பூசை முடிந்து பாலன் பாதத்தை முத்தமிட வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. குனிந்தேன். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நகத்தின் ஓரத்தில் இருந்த சின்னப் பிளவு கூட அப்படியே இருந்தது. உபதேசியார் துணியால் அந்தக் காலைத் துடைத்துவிட்டு, "முத்தம் குடுப்பா" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. நான் முத்தமிடாமல் வெளியே வந்தேன்.

மறுநாளே அவர் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "யாரைக் கேட்டு செஞ்ச? செத்த புள்ளைய எடுத்து ஊருக்கு வேடிக்கை காட்டுறியா?" என்று என்னென்னவோ கேட்டேன். வாயில் வந்ததெல்லாம் வந்தது. அவர் கையில் பிசின் காய்ந்துகொண்டிருந்தது, அதைச் சுரண்டியபடியே நின்றார். "பொறுத்துக்க லூர்து" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நின்றதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. அடுத்த வருஷம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து, பாலன் இயேசுவுக்கு ஊனமான கால் இருப்பது மரியாதையா, அந்த விரலை அரத்தால் ராவிச் சரிசெய்ய வேண்டும் என்று பேசினேன். பக்தியாகத்தான் பேசினேன். அது என் மகனுடைய கால் என்று அங்கே சூசையண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது. சிலர் தலையை ஆட்டினார்கள். சூசையண்ணன் எழுந்தார். என்னைப் பார்க்காமல் அப்போதிருந்த பங்குச் சாமியாரைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம ஒடம்பு தகாதுன்னு நெனச்சிருந்தா அவரு வந்தே இருக்க மாட்டாரு ஃபாதர். கொறை இல்லாத ஒடம்பு வேணும்னா கடையில கெடைக்கும், வாங்கிக்குங்க. அந்த வெரல்ல ராவுற வேலை மட்டும் வேணாம்." விரல் தப்பியது. நான் பேசியதை வீட்டுக்கு வருமுன்பே என் மனைவி ஸ்டெல்லா கேள்விப்பட்டிருந்தாள். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அவளுக்கு என்ன வந்தது என்று கூட நான் யோசிக்கவில்லை.

ஆனால் அந்தக் கால் என்னை விடவில்லை. கிரேன் கேபினில் இருந்து கீழே பார்க்கும்போது வரும். ரயிலில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் என் கண் காலுக்குத்தான் போகும், சூசையண்ணன் மாதிரியே. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வைக்கோலில் அது வந்து படுக்கும். அந்தோணி இருந்திருந்தால் இப்போது பதினோரு வயது, சைக்கிள் கேட்டு அடம் பிடித்திருப்பான். தீவனத் தொட்டியில் அவன் இன்னும் ஒன்பது நாள் பிள்ளை. ஊரே அவன் காலை முத்தமிடும். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இத்தனை உதடு பட்டு, துணி பட்டு அந்தக் காலில் பெயிண்ட் போய்விடும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சூசையண்ணன் வந்து காலுக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பார். அன்றைக்கு ஸ்டெல்லா கோயிலைக் கூட்டப் போகிறேன் என்று கிளம்பிவிடுவாள். அதையும் நான் கவனிக்கவில்லை.

அவர் இறந்த அன்று அவர் வீட்டுக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கைகளைச் சேர்த்துக் கட்டி ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். அவர் மனைவி ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இது உன்னுது தம்பி. ஒரு நாளு கேட்டுக்கினு வருவான், வந்தா குடுன்னு சொல்லிக்கினே இருந்தாரு." பிரித்தேன். பிளாஸ்டர் மாவில் எடுத்த அச்சு. உள்ளே ஒரு சின்ன இடது கால் இருந்த பள்ளம், சுண்டுவிரல் மேலேறிய தடத்தோடு.

ஸ்டெல்லா அங்கேயே சொன்னாள். "நான்தான் கேட்டேன். நீ உபதேசியார் கூட குழிக்கு எடம் காட்டப் போயிருந்த. இவன் மூஞ்சி எனக்கு மறந்துடும்னு பயமாக்கீதுண்ணா, ஒரு அச்சு எடுத்துக் குடுன்னு அழுதேன். மூஞ்சில மாவு பூச எனக்குக் கை வரல தங்கச்சின்னு சொல்லி காலை மட்டும் எடுத்தாரு. ஊட்ல வெச்சா நீ ஒடச்சிடுவ. அதான் கோயில்ல வெக்கச் சொன்னேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்."

கம்பெனி வாசலில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் கோபம் முழுக்க ஸ்டெல்லா பக்கம் திரும்பியிருக்கும். அதனால்தான் அவர் சொல்லவில்லை. பதினோரு வருஷம் என் முகத்தைப் பார்க்காமல் அதே கோயிலுக்கு வந்துபோனார். அவர் நெற்றியில் சிலுவை போடக் குனிந்தேன். பெட்டியின் கண்ணாடி குளிர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அச்சுதான். ஷிப்டிலிருந்து வந்ததும் எடுத்துப் பார்க்கிறேன். என் இரண்டு விரல் உள்ளே சரியாக அடங்குகிறது, அதற்கு மேல் இடமில்லை. கடவுளுக்கு உடம்பு வந்தது என்று முப்பது வருஷமாக உங்கள் முன்னால் நின்று வாசித்திருக்கிறேன். இவ்வளவு சின்ன உடம்பாக வந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இந்த வருஷம் காலுக்குப் பெயிண்ட் அடிக்க நானும் ஸ்டெல்லாவும் போகிறோம், பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் நானும் வரிசையில் நிற்பேன். எனக்குப் பின்னால் நிற்கிறவர்களிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்: நான் குனிந்தால் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகும்.